கை ஊன்றாமல்

பிசியோதெரபிப் பெண் என் முழங்காலில் தேய்த்துவிட்ட தைலத்தின் நெடி, அவள் போன பிறகும் அறையில் நின்றது. அறுவைச் சிகிச்சை முடிந்து பதினெட்டு நாள் ஆகியும் நாற்காலியிலிருந்து நானாக எழ முடியவில்லை.

"தூக்கி விடறதுக்கு ஒரு ஆளைப் போட்டுடலாம் டாடி," என்றாள் மகள். ஆள் வந்துவிட்டால், அப்புறம் அவன் இல்லாமல் எழவே மாட்டேன் என்ற கவலை எனக்கு.

இதே நெடி, எனக்கு ஒன்பது வயதில், நாங்கள் குடியிருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட அப்பாவுக்கு அப்போதுதான் மாவுக்கட்டைப் பிரித்து, தைலம் தேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாலை ஜெபமாலைக்கு நாங்கள் சில்லென்ற சிவப்புத் தரையில் முழந்தாளிட, அவர் மட்டும் நாற்காலியில் இருப்பார். பத்து மணிகள் உருண்டு முடியும்போதெல்லாம் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் நன்றாகச் சாய்ந்து, கை ஊன்றாமல் எழுந்து நின்றுவிட்டு உட்காருவார். நான் ஜெபத்தை விட்டுவிட்டு அதை எண்ணுவேன். ஒரு ஜெபமாலைக்கு ஐந்து முறை.

"ஜெபத்துல என்னங்க இந்த சர்க்கஸ்? விழுந்துடப் போறீங்க!" என்பாள் அம்மா.

"விழுந்தா மாதா காலடியிலதானே விழுவேன்? நீ அடுத்த பத்தை ஆரம்பி."

இப்போது நானும் அவரைப்போலப் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்தேன். இரண்டு முறை நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். மூன்றாவது முறை தொடை நடுங்க எழும்பியபோது, மகள் ஓடிவந்து கையை நீட்டினாள்.

"தொடாதே. பக்கத்துல நில்லு, போதும்."

நின்றாள். நானும் நின்றேன்.