பழுப்பு ரொட்டிக்கு நான் போட்ட தரம்

உணவுக்குத் தரம் பிரிப்பதில் என் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அரிசி முதலில். சோளம் அதற்குக் கீழே. கம்பும் ராகியும் கடைசியில், வாசலுக்கு வெளியே, எங்கள் காட்டில் உழவும் களையெடுக்கவும் வருகிற ஆட்களோடு. எங்கள் அடுப்பில் தினமும் இரண்டு பானை: ஒன்றில் எங்களுக்குச் சோறு, மற்றதில் ஆட்களுக்குக் களி. எதில் சத்து அதிகம் என்று யாரும் கேட்டதில்லை. யார் தின்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சூலூர்ப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை; எங்கள் வீட்டில் பெருமை மட்டும் ஒரு பிடி கூடுதல்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சக்கரை வந்தது. கால் பெருவிரலில் ஒரு புண், ஆறுவேனா என்றது. "அரிசியக் கொறைங்க. தவிடு நீக்காத தானியமாச் சாப்பிடுங்க. கம்பு, ராகி நல்லதுங்க. இல்லீன்னா வெரலு தங்காது" என்றார் கோயமுத்தூர் டாக்டர். வீடு திரும்பி அம்மா கம்பஞ்சோறு வைத்ததும் அப்பா சோற்று வட்டலைத் தள்ளிவிட்டார்.

"ஏனம்மணி, என்னையப் பண்ணயத்து ஆளுன்னு நெனச்சுப்போட்டியா?"

"சக்கரைக்குப் பண்ணாடியும் ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதானுங்க."

நான் அப்போது நகரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கவிதை எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். "பழுப்பு ரொட்டி போடறனுங்க தம்பி. கவருக்கு நாலு வார்த்த நல்லா எழுதிக் குடுங்க."

"முழுக் கோதுமைதானுங்களா?"

"கலரப் பாத்தாத் தெரியலீங்களா?"

எழுதினேன். முழுக் கோதுமை. முதல் தரச் சத்து. சக்கரை உள்ளோர்க்கு உகந்தது. முதல் தரம் என்று சொன்னது யார்? ஒருவருமில்லை. வரி குட்டையாக நின்றது, சேர்த்தேன்.

அப்பாவுக்கு ரொட்டி பிடித்துப்போனது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போகும் மரியாதையான பண்டம் அது. ரொட்டி எந்தப் பானையிலும் வெந்ததில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கவரைப் படித்துக் காட்டுவார்: "பையன் எழுதுனதுங்க." காலையும் மாலையும் பாலில் நனைத்துத் தின்றார். மருந்துபோல் நான்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவேன்.

ஒரு மத்தியானம் கவரின் மறுபதிப்புக்கான புரூஃபோடு பேக்கரிக்குப் போனேன். பின்கட்டில் மாஸ்டர் வாணலியில் சர்க்கரையைக் கருக்கிக்கொண்டிருந்தார். கண்ணெரியும் புகை. கரிப்பாகை வெள்ளை மைதாவில் ஊற்றிப் பிசைந்தார். என் கண்ணெதிரே மாவு முழுக் கோதுமையானது.

"கோதுமை எங்கீங்க?"

"மைதா மட்டும் மானத்துல இருந்தா வருதுங்க? அதும் கோதுமைதான். தவிட்டோட போட்டாக் கல்லாட்டம் கெடக்கும், எவன் வாங்குவான்?" நல்ல மனுஷன். சூடாக ஒரு பன் எடுத்துக் கொடுத்தார். அதையும் தின்றேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அச்சுல வந்திருக்குதே கண்ணு."

"நாந்தானப்பா எழுதுனேன்."

"அதான் சொல்றேன். நீ பொய் எழுதுவியா?"

மறுநாள் அந்தப் புரூஃபில் 'சரி' என்று நானே கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. அந்த மூன்று வரி மேல் எனக்கு ஆசை.

விரலை எடுத்தார்கள். ரொட்டியாலா, முன்பே கெட்டிருந்ததா, டாக்டர் சொல்லவில்லை. கேட்க நானும் துணியவில்லை. ஆஸ்பத்திரி அறைக்கு அம்மா தூக்குப்போசியில் ராகிக் களி கொண்டுவந்து கட்டில் ஓரம் வைத்தாள். அப்பா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கதவச் சாத்து. நம்மாளுக யாராச்சும் வாராங்களான்னு வெளிய நின்னு பாத்துக்க."

அவர் தின்று முடிக்கும்வரை நடைவழியில் காவல் நின்றேன்.