காலடியில் வைத்த செருப்பு

ஈப்போ கிளினிக்கில் தாதி, கர்ப்பமாயிருக்கும் என் மகளின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தம் கம்மி லா. சில பேருக்குத் தலசீமியான்னு ரத்தக் கோளாறு பொறப்புலயே இருக்கும், டெஸ்ட் எடுத்துருவோம். குடும்பத்துல யாருக்காச்சும் ரத்தக் கம்மி இருந்துச்சா ஆன்ட்டி?"

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எட்டு வயதில், என் இமையையும் ஒருவர் இப்படித்தான் இழுத்துப் பார்த்தார். அவர் தோட்ட மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர். அப்போது நான் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சோம்பேறி என்று அம்மா அடிப்பாள்.

"புள்ளைக்குச் செருப்பு இல்லையாம்மா?" என்று கேட்டார் டிரெசர்.

"இருக்குங்கய்யா, புதுசு! காட்டுப்பக்கம் ஒதுங்கப் போறப்ப அழுக்காயிரும்னு கழட்டி வச்சுட்டுத்தான் போவா" என்றாள் அம்மா பெருமையாக.

"அந்த மண்ணுலதாம்மா புழு இருக்கு. கால் வழியா ஏறி ரத்தத்தக் குடிக்குது. கோயிலுக்கு வெறுங்காலோட போவட்டும், காட்டுப்பக்கம் போறப்பச் செருப்புப் போடச் சொல்லு. புள்ளைய அடிக்காத."

அவர் தந்த மருந்தில் பிழைத்தேன். அன்றுமுதல் அம்மா தினமும் என் செருப்பைக் கழுவி, நுனி வெளியே பார்க்க, வாசலில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போவாள். அவளுக்கென்று ஒரு ஜோடி வந்ததே நான் வேலைக்குப் போன பிறகுதான்.

"எனக்கு ரத்தக் கம்மி இருந்துச்சும்மா. ஆனா பொறப்புல வந்ததில்ல" என்றேன் தாதியிடம்.

மகள் கட்டிலிலிருந்து இறங்கினாள். வயிறு இடித்ததால் குனிய முடியவில்லை. அவள் செருப்பை எடுத்து, நுனி வெளியே பார்க்க, காலடியில் வைத்தேன்.