விளக்குக்குப் போட்ட பாலிதீன் உறை

பசங்களா, நம் வீட்டு மீன் தொட்டி இன்றைக்கும் ஹாலில் இருக்கிறது என்றால் அதற்கு நான் காரணமில்லை. நான் செய்த காரியமெல்லாம் அதை வீட்டை விட்டு அனுப்புகிற காரியம்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவான எனக்கு உறை என்றால் ஒரு நம்பிக்கை. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. கேஸ் புத்தகத்துக்கு உறை. கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற என் வேனில், சீட்டோடு வந்த பிளாஸ்டிக் கவர் நாலு வருஷமாக அப்படியே இருந்தது. வெயில் காலத்தில் எழுந்திருப்பவர்களின் சட்டை அதில் ஒட்டிக்கொண்டு சத்தம் போடும். யாரும் குறை சொன்னதில்லை. சொன்னவர்கள் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள்.

நீங்கள் அடம்பிடித்துத் தொட்டி வாங்கியபோது நாம் மாமல்லபுரத்துக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்கிற ஊர். திறந்த தொட்டியின் மேலே குறுக்காக ஒரு எல்இடி விளக்கை வைத்தேன். காற்று மோட்டார் விடுகிற குமிழி உடைந்து தெறித்ததெல்லாம் அதன்மேல்தான். பத்து நாளில் விளக்குக்குள் நீராவி படிந்தது. அதற்கடுத்த வாரம் மெயின் டிரிப் ஆகி மொத்த வீட்டுக்கும் கரண்ட் போனது.

கரண்ட் போனால் உங்கள் அம்மாவின் தையல் மிஷின் நிற்கும். அது முகூர்த்த மாதம். ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றார்கள்.

"இன்னொரு தபா கரண்ட் போச்சு, தொட்டி எங்கண்ணன் வூட்டுக்குப் போவுது. மீனையும் சேத்துதான்" என்றாள் அம்மா.

பெரியவளே, நீ அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. சின்னவன் இரண்டு பேர் சோற்றையும் சாப்பிட்டான்.

நான் புது விளக்கு வாங்கினேன். எதிரி ஈரம் என்று தெரிந்துவிட்டதே. கனமான பாலிதீனை மூன்று சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். எறும்பு நுழைய வழியில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

நாலாம் நாள் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு மூக்கைச் சுளித்தாள். "இன்னாய்யா நாத்தம்? பிளாஸ்டிக் கருவுது!"

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். பாலிதீன் இளகி விளக்கோடு ஒட்டியிருந்தது. உள்ளே பொடிப்பொடியாகத் தண்ணீர் முத்து.

"கரண்ட் போவல" என்றேன்.

"போவல. வூடு எரிஞ்சாதான் ஒத்துக்குவியா?" என்று சொல்லி, செங்கல்பட்டில் இருக்கிற உங்கள் மாமாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு வருவதாக அவர் சொன்னார்.

சனிக்கிழமை அந்த விளக்கை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை உருட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, லைட்டுக்கு ஸ்வெட்டரா?"

"ஈரம் உள்ள போவக்கூடாதுன்னு..."

"ஈரம் போவாது, சரி. சூடு எப்டி வெளிய வரும்? நீ இத்த சுத்திகினு வெயில்ல நில்லு பாக்கலாம். ஈரத்த கீழயே நிறுத்து. தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடு, லைட்ட மூடிக்கு மேல ரெண்டு வெரல் ஒசரம் தூக்கி வை. அடியில காத்து பூந்து வரணும்."

"எது மேல தூக்கி வைக்கிறது?"

"அதையும் நானே சொல்லணுமா?"

மூடிக்குக் கண்ணாடி வெட்டி, மூன்றாவது விளக்கும் வாங்கி வந்தேன். மோட்டார் குழாய்க்கு ஒரு மூலையில் வழி விட்டேன். ஒயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும்படி ஒயரைத் தொங்கவிட்டேன். விளக்கைத் தூக்கி வைக்கத்தான் ஒன்றும் அகப்படவில்லை. தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மிஷின் பெட்டியிலிருந்து நூல் தீர்ந்த நாலு நூல்கண்டுக் கட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"மீனுக்காவ இல்ல. என் மிஷின் ஓடணும்" என்றாள்.

ஞாயிறு காலை மாமா வந்தார். சாயங்காலம்வரை விளக்கு எரிந்தது, மிஷினும் ஓடியது. அம்மா நாலைந்து முறை எழுந்து வந்து விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. கண்ணாடியின் அடியில்தான் ஈரம், மேல்பக்கம் காய்ந்திருந்தது.

"அப்ப நான் இன்னாத்துக்கு வந்தேன்?" என்றார் மாமா.

"டீ குடிச்சிட்டு கெளம்பு" என்றாள் அம்மா.

தொட்டியில் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பது சின்னவன் வேலை.

மாமா போனதும் வேன் சீட் கவரையெல்லாம் கிழித்துப் போட்டேன். ரிமோட் உறையைக் கழற்றவில்லை. அது சூடாவதில்லை.