பாவில் சிக்கிய பருந்துக்குஞ்சு

போன வருஷம் பங்குனியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அன்றைக்கும் அப்படித்தான் கேட்டு வைத்தேன்.

காலையில் நானும் வீட்டுக்காரரும் மகளும் ஒரு முகூர்த்தப் புடவைக்கான பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகளை, தெரு நெடுக நீட்டிக் கட்டி, இழை பார்த்துக்கொண்டிருந்தோம். மகளுக்குப் புனேவில் வேலை கிடைத்திருந்தது. "இங்க இல்லாத சோறா அங்க இருக்குது?" என்று கேட்டதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். அப்பா சரி சொல்லாமல் கிளம்ப மாட்டேன் என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள். வேலையில் சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு வாசலில் மீன்காரர் கழித்துப் போட்ட குடலுக்குப் பாய்ந்த ஒரு பழுப்புப் பருந்து, குறி தவறி எங்கள் பாவில் வந்து விழுந்தது. ஐயோ! சிறகடிக்கச் சிறகடிக்க நகமெல்லாம் இழையில் சிக்கி, கழுத்தையும் பட்டு சுற்றிக்கொண்டது. தலைக்கு மேலே வெள்ளைத் தலையோடு ஒரு கருடன் கத்திக்கொண்டே வட்டமிட்டது. தெருவே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருத்தி கற்பூரம் எடுக்க ஓடினாள்! கீழே துடிப்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

"அதோட குஞ்சு போலக்குதுப்பா. கழுத்து இறுக்குது, சீக்கிரம்!" என்று மகள் அலறினாள்.

நான் கத்திரிக்கோலோடு ஓடி வந்தேன். முகூர்த்தப் பாவில் கத்திரி படுவது ஆகாது என்பது எங்கள் வழக்கம். "கல்யாணப் பாவுல கத்திரி வெக்கச் சொல்றியா?" என்று வீட்டுக்காரர் என் மேல் சீறினார். சீறிக்கொண்டே அதைப் பிடுங்கித் தானே இழைகளை வெட்டிவிட்டார்.

விடுபட்ட குஞ்சு எதிர்க்கூரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு பெரியது ஏரிப் பக்கம் திரும்ப, சின்னது நேர் எதிர்த்திசையில் பறந்தது. எனக்குத் தாங்கவில்லை. "இன்னாடி இது, தாயை வுட்டுட்டு எங்க போவுது?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் செல்போனில் தேடிப் படித்தாள். "கருடன் குஞ்சு பழுப்பாத்தான் இருக்குமாம்மா. இரை தேடிக்கினு சின்னதுங்கதான் ரொம்ப தூரம் போவுமாம். கிட்ட இருக்கிற நல்ல இடத்தையெல்லாம் பெரிசுங்க புடிச்சி வெச்சிக்கினு இருக்குமாம்."

அவர் குனிந்தபடியே அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "திரும்பி வருமாமா?"

"அதப் போடலப்பா."

அடுத்த முடிச்சுக்கு அவர் கை போகவில்லை. "டிக்கெட் எடுத்துக்கோம்மா" என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வானத்தில் ஒரு பழுப்புப் பருந்து தனியாகச் சுற்றினால், 'எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாய், வயிறு நிறைந்ததா?' என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் மகளுக்குப் போன் போடுகிறேன்.