மடியில் வைத்த மணல் பை

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், ஒன்பது வயதில், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். உத்தமபாளையத்தில் கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் வீக்கம் வற்றவில்லை. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். அத்தா என்னைப் பலகையில் கிடத்தி, பஸ்ஸில் தேனிக்கும், அங்கிருந்து ரயிலில் மதுரைக்கும் கொண்டுபோனார். வழி நெடுக அழுதவர் அவர்தான். எனக்கு ரயிலை வேடிக்கை பார்க்கவே நேரம் போதவில்லை.

ஆஸ்பத்திரியில் காலை நீட்டி, பட்டை ஒட்டி, அதில் ஒரு கயிற்றைக் கட்டினார்கள். கயிறு கால்மாட்டில் இருந்த சின்னக் கப்பிமேல் ஓடிக் கீழே தொங்கியது. அதன் நுனியில் ஒரு மணல் பை. கிணற்றுக் கப்பிக்கு என் காலில் என்ன வேலை என்று நர்ஸம்மாவை நச்சரித்தேன்.

"ஒடிஞ்ச எலும்பை ஒன் தொடைச்சதை மேல இழுக்குது. பை கீழ இழுக்குது. இழுவை விடாம இருந்தா எலும்பு நேரா கூடும்" என்றார். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாள் முழுக்கப் பையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பச்சப் புள்ள கால்ல பாரத்தக் கட்டித் தொங்கவிட்டிருக்காகளே, இவுகளுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?" என்பார். காலையும் மாலையும் பார்க்க வரும்போது கால்மாட்டில் உட்கார்ந்து, பையைத் தூக்கி மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொள்வார். நர்ஸம்மா வரும் சத்தம் கேட்டால் மெல்ல இறக்கிவிடுவார்.

பை மடிக்குப் போன கொஞ்ச நேரத்தில் தொடை சுண்டி இழுக்கும். உயிர் போகும். இறக்கியதும் மெல்லத் தணியும். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சந்தேகமே இல்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் அத்தாவின் முகம் தெளிந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் ஒரு துண்டு மற்றதன்மேல் ஏறிக் கிடந்தது. "இப்படியே கூடிட்டா பிள்ளை ஆயுசுக்கும் நொண்டும். தொடையைத் திறந்து, தகடு வச்சு ஆணி முடுக்கணும்" என்றார். அத்தா, "ஆணியா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். எனக்கும் பயம்தான். இருந்தாலும் எத்தனை ஆணி என்று கேட்டேன். நான்கு என்றார்.

மயக்கம் தெளிந்தபோது இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. தகடு நன்றாகப் பொருந்திவிட்டது, கால் சமமாக வரும் என்றார் டாக்டர். பிறகு அத்தாவைப் பார்த்து, "அந்தப் பையை யாராவது தூக்குனாங்களா? இழுவை விட்டுப்போனாத்தான் எலும்பு அப்படி ஏறும். வலியும் பிள்ளைக்குத் தாங்காது" என்றார்.

டாக்டர் போன பிறகு அத்தா தலைமாட்டுக்கு வந்து என் நெற்றிமேல் கை வைத்தார்.

"நான் தூக்கி வச்சிருந்தப்பல்லாம் ஒனக்கு வலிச்சுச்சாம்மா?"

"இல்லத்தா. சுகமாத்தான் இருந்துச்சு."

அவர் நம்பவில்லை. கையை எடுத்தவர், அன்று முழுக்க என்னைத் தொடவே இல்லை.