வெயில் தின்ற கயிறு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கடைசி நாலு படியை ஒரே தாவலில் தாண்டுகிற பழக்கம் முப்பத்தைந்து வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை. பின்னால் யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இப்பேர்ப்பட்டவன் ஒரு பேய்ப் படம் எடுத்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். படத்தைப் பார்த்தவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள். எங்கள் ஊர் ஆரியசாலையில் ஒரு சின்ன மண்டபத்தில் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். பேய் வந்து நின்றதும் முன்வரிசையில் ஒருவர், "கால்ல செருப்பு கெடக்கு பாருங்க" என்றார். கிடந்தது. நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

அந்தப் படம் சம்பந்தப்பட்ட ஒன்று இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அது படத்தில் இல்லை. படத்தின் டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுத்த உபரிச் சமாச்சாரங்களில் இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். டைரக்டர் என் பள்ளிக்கூடத் தோழன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பேயாக நடித்தது எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா. சொந்தம் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. நாடகங்களில் நடித்தவள், குரலுக்கு நல்ல கனம் உண்டு. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். மூன்றாவது ஆள் நான். சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் இரும்புக்கடையில் நிற்கிறவன். ஆகவே ஆணி, கம்பி, பெயிண்ட், பெயிண்டில் கலக்கிய ரத்தம் எல்லாம் என் இலாகா. கயிறும் என் இலாகாதான்.

அப்பாவின் கடையில் சட்டங்கள் அதிகம். காலையில் முதல் வியாபாரமாகப் பூட்டு விற்கக் கூடாது. அரிவாளைக் கையில் கொடுக்கக் கூடாது, பலகையில் வைக்கவேண்டும், வாங்குகிறவரே எடுத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை தராசைத் துடைக்கக் கூடாது. அந்த வரிசையில் இன்னொன்று: வாசலில் தொங்குகிற கயிற்றை விற்கக் கூடாது. கடை வாசல் கம்பியில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாக நைலான் கயிற்றுச் சுருள்கள் தொங்கும். இங்கே கயிறு கிடைக்கும் என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவதற்காக. யாராவது அந்தச் சுருளையே கேட்டால் அப்பா, "அது காட்டதுக்கு உள்ளது, விக்கதுக்கு இல்ல" என்று சொல்லி உள்ளே போய்ப் புதுச் சுருள் எடுத்துக்கொண்டு வருவார். பூட்டு, அரிவாள், தராசு மாதிரி இதுவும் ராசி பார்க்கிற விவகாரம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நான் காரணம் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. எங்களுக்குள் பேச்சு எப்போதுமே குறைவு.

படத்தில் பேய் கூரையிலிருந்து தலைகீழாக இறங்கவேண்டும். வித்துராவுக்கு மேலே மலையில், மூடிக்கிடந்த ஓர் எஸ்டேட் கட்டடத்தில் அந்தக் காட்சியை எடுத்தோம். ராத்திரிக் காட்சிதான், ஆனால் ராத்திரியில் எடுக்க விளக்குகள் வேண்டும், எங்களிடம் இல்லை. எனவே மத்தியானம் ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து எடுத்தோம். பெரிய படங்களில் இதற்கு இரும்பு வடமும் பழகிய ஆட்களும் உண்டு. எங்களிடம் கட்டட வேலைக்காரர்கள் இடுப்பில் கட்டுகிற பெல்ட் ஒன்றும், உத்தரத்தில் மாட்டிய கப்பி ஒன்றும், கயிறும், இழுப்பதற்குத் தெருவிலிருந்து கூட்டிப்போன நாலு பேரும்தான்.

கயிறு கடைக்குள் இருந்து எடுத்திருக்கலாம். எடுத்தால் எதற்கு என்று அப்பா கேட்பார். படம் என்றாலே அவருக்கு முகம் கறுத்துவிடும். எனவே அவர் சாப்பிடப் போன நேரத்தில், வாசலில் தொங்கிய நீலச் சுருளைக் கழற்றிக்கொண்டு, அந்த இடத்தில் உள்ளேயிருந்து ஒரு சின்னச் சுருளை மாட்டிவிட்டேன். வெறும் இடம் தெரியக் கூடாது அல்லவா. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். எஸ்டேட்டில் சுருளைப் பிரிக்கும்போது உள்ளங்கையெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்டியது. "பேய்க்குப் பவுடர் கயித்துலயே இருக்குடே" என்று நானே ஜோக்கும் அடித்தேன். அக்காவை மேலே ஏற்றினோம். மூன்று முறை எடுத்தோம். மூன்றாவது முறை அவள் அலறிய அலறலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. எல்லோரும் கைதட்டினோம். திரும்பும் வழியில் வித்துராவில் பரோட்டா சாப்பிட்டோம்.

ஒரு வருஷம் கழித்து, இப்படிப்பட்ட படங்களைத் தேடிப்பிடித்து டிஸ்க் போட்டு விற்கிற ஒரு சின்ன வெளிநாட்டுக் கம்பெனி எங்களுக்கு எழுதியது. படத்தோடு கூட, அது உருவான விதம் பற்றி ஒரு துணுக்குப் படமும், நாங்கள் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஒலிப்பதிவும் வேண்டும் என்றார்கள். டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. படப்பிடிப்பில் அவரவர் போனில் எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அள்ளிப்போட்டு, நல்லதைப் பொறுக்கி வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான்.

கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். யாரோ ஒருவர் மேலேயிருந்து எடுக்கலாம் என்று ஒரு போனை உத்தரத்தில் வைத்துவிட்டு, பதிவானதைப் பார்க்காமலே விட்டிருக்கிறார். திரையில் கப்பி பெரிதாகத் தெரிகிறது. அதன்மேல் நீலக் கயிறு. வெகு கீழே அக்காவின் உள்ளங்கால்கள், அதற்கும் கீழே விரிந்த தலைமுடி. அவள் அலறுகிறாள். கப்பியின் விளிம்பில் கயிற்றின் ஒரு புரி மெதுவாக நிமிர்ந்து, நூல் நூலாகப் பிரிந்து, அறுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது புரியும் அறுகிறது. அந்தக் கயிற்றுக்கு மொத்தம் மூன்று புரி. நாங்கள் கீழே கைதட்டுகிற சத்தம் கேட்கிறது. அக்கா மிச்சமிருந்த ஒற்றைப் புரியில் இறங்கிப் போகிறாள். கேமராவின்மேல் வெள்ளைத் தூள் உதிர்கிறது.

வீடியோவை நிறுத்தினேன். வாசலைப் பார்த்தேன். சுருள்கள் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. வெயில் படுகிற பக்கம் வெளுத்து, சுவர்ப் பக்கம் மட்டும் நிறம் பாக்கி இருந்தது. அத்தனை வருஷம் அதன் கீழேயே நடந்திருக்கிறேன், அப்போதுதான் பார்த்தேன். அப்பா ஏன் அதை விற்கமாட்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தத் துண்டை அழித்தேன். நடந்தது நடந்து ஒரு வருஷமாயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கயிறு எஸ்டேட்டிலேயே கிடந்து மக்கியிருக்கும், இனி எதற்குக் கிளறவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை.

மறுநாள் கரமனையில் டைரக்டரின் அறையில் ஒலிப்பதிவு. டிவியில் படம் ஓட, மைக்குகளுக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து அரட்டை. கூரைக் காட்சி வந்தது. அக்கா சிரித்தாள்.

"இந்தக் கயிறு இப்ப எங்க வீட்டுலயாக்கும் இருக்கு. அன்னைக்கு என் பைக்குள்ள சுருட்டிப் போட்டுக் கொண்டு வந்துட்டேன். ஒரு எடத்துல பிஞ்சு கெடந்தது, அத வெட்டிக் களைஞ்சாச்சு. போன ஞாயித்துக்கிழம மொட்டமாடில மோளுக்கு ஊஞ்சல் கட்டிக் குடுத்தேன். ஸ்கூல் விட்டு வந்தா எறங்க மாட்டா."

"பேய் தொங்கின கயித்துலயா மோளு ஆடுறா?" என்று டைரக்டர் சிரித்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலடிக்கக் கால் மணி இருந்தது. பள்ளிக்கூட வேன் மூன்றரைக்கு வரும். திரையில் அக்கா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். டைரக்டர் என்னைப் பார்த்து, ஏதாவது பேசடா என்று கையைக் காட்டினான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மோள எறக்கச் சொல்லுங்க" என்றேன் கடைசியில். "அது நல்ல கயிறு இல்ல. வெயில்ல கெடந்தது. அன்னைக்கே ரெண்டு புரி அறுந்துட்டு. நான் வீடியோல பாத்தேன்."

அக்கா போனை எடுத்தாள். அவள் புருஷனுக்கு ஓட்டலில் இரவு வேலை, பகலில் போனை ஊமையாக்கி வைத்துவிட்டுத் தூங்குவார். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு முறை. அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

என் ஸ்கூட்டரில் போனோம். கிள்ளிப்பாலத்தில் சிவப்பு விளக்கு. சாலைக் கடைத்தெருவுக்குள் திரும்பினால் லாரியை நடுத்தெருவில் நிறுத்தி அரிசி மூட்டை இறக்குகிறார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து என் சட்டையைத் தோளோடு கொத்தாகப் பிடித்திருந்தாள். திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். என் காதில் அறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வீடியோவில் அப்படி ஒரு சத்தமே கிடையாது.

மூன்று மாடி ஏறினோம். தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாயில் ஊஞ்சல் கட்டியிருந்தது. குழந்தை பலகையில் நின்றுகொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சிலும் பலகை கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவுக்குமேல் போய்த் திரும்பியது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"கத்தினா இன்னும் ஒசக்க ஆடுவா" என்றாள் என் காதுக்குள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போய் வந்தவள் மாதிரி நடந்துபோனாள்.

"மோளே, மாமன் ஐஸ்கிரீம் வாங்கித் தாறேன்னு வந்திருக்கு. செருப்பப் போடு."

"பத்து ஆட்டம் கூட."

"செரி. பத்து. நீயே எண்ணு."

குழந்தை எண்ணினாள். அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்த முகத்தோடு நின்றாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஏழாவது ஆட்டத்தில் மேலே டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குழாயாக இருக்கலாம். எட்டு. ஒன்பது. பத்து என்று சொல்லிவிட்டு, அவள் மெல்லக் காலை ஊன்றி நிறுத்தி இறங்கினாள். அக்கா அவளை வாரி எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போய்ப் பலகையின்மேல் ஒரு முழங்காலை வைத்து அழுத்தினேன். கயிறு வந்து என் தலையில் விழுந்தது. முகமெல்லாம் வெள்ளைத் தூள்.

அதைச் சுருட்டிக்கொண்டுபோய் அப்பாவின் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றைக் கையில் எடுத்து ஒரு முறுக்கு முறுக்கினார். நமுத்த பப்படம்போல ஓசையில்லாமல் இரண்டாயிற்று.

"வெயில் தின்ன கயிறு" என்றார். "கொச்சுப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லப்பா."

அவ்வளவுதான். எழுந்துபோய் வாசலில் தொங்கிய மற்றச் சுருள்களையும் கழற்றிக்கொண்டு வந்து, கத்தியால் சாண் நீளத்துக்கு நறுக்க ஆரம்பித்தார். கடை அடைக்கும்வரை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவே இல்லை.

அன்றைக்கு மைக்குகளை யாரும் அணைக்கவில்லை. நாங்கள் இறங்கி ஓடியதும் டைரக்டரும் பின்னாலேயே ஓடியிருக்கிறான். ஆளில்லாத அறையில் படம் பாட்டுக்கு ஓடி முடிந்திருக்கிறது. புதிதாகப் பதிவு செய்யலாம் என்று அவன் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டாள். "வெட்டாண்டாம். அப்படியே போடு. உத்தரத்து வீடியோவும் போடு." அழித்ததை மீட்டுக் கொடுத்தேன். டிஸ்க்கில் இப்போது இரண்டும் இருக்கின்றன. பாதிப் படம்வரை எங்கள் பேச்சு, பிறகு நாற்காலி விழுகிற சத்தம், அதன்பின் வெறும் படம். வாங்கிப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள், படத்தைவிட இதுதான் பயங்கரம், அருமையான நடிப்பு என்று எழுதினார்கள்.

சில வாரம் கழித்து அக்கா திரைச்சீலைக் கொக்கி வாங்கக் கடைக்கு வந்தாள். அப்பா உள்ளே இருந்தார். கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டே, சாதாரணமாகத்தான் பேசினாள்.

"டிஸ்க்க ஹெட்போன் வச்சுக் கேட்டேன். நான் ஊஞ்சல்னு சொன்னதுக்கும் நீ வாயத் தொறந்ததுக்கும் எடையில பதினோரு செகண்டு இருக்கு. மூணு தடவ எண்ணிப் பாத்தேன்."

நான் இன்னொரு டப்பா கொக்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"அந்தப் பதினொண்ணுல என்ன யோசிச்ச?"

அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான், அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல் கயித்த எடுத்தது அப்பாவுக்குத் தெரிஞ்சுருமேன்னு யோசிச்சேன்" என்றேன்.

அக்கா கொக்கிகளைப் பைக்குள் போட்டாள்.

"அவ பத்து எண்ணி முடிக்கதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன்" என்றாள். "நீ பதினொண்ணு எடுத்துக்கிட்ட."