யுவராணியின் மூன்று குப்பிகள்

பஸ்ஸில் ஏறியதும் யுவராணி வெயில் படாத பக்கம் எது என்று தேடி உட்காருவாள். மடியில் ஒரு டிபன் பை. அதற்குள் ஈரத்துணி சுற்றிய மூன்று கண்ணாடிக் குப்பிகள். "என்ன கொழம்பும்மா?" என்று கேட்ட கண்டக்டரிடம் ஒருநாள், "ஈ" என்றாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்பதில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியில் அவள் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். ஆய்வகத்தில் ஏசி பழுதானதிலிருந்து, சனிக்கிழமைதோறும் ஈக்களும் அவளோடு பாளையம்பட்டியிலுள்ள வீட்டுக்கு வருகின்றன. தண்ணீர்ப் பானையின் பக்கத்தில், குளிர்ச்சியாக, அவற்றுக்கு இடம். வேறெங்கும் இல்லாத வம்சம் அது. செத்தால் இரண்டு வருட உழைப்பும் போய்விடும்.

நரம்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் புரதம் ஒன்று அந்த ஈக்களுக்குக் கிடையாது. கண்ணிலிருந்து மூளைக்குக் கிளம்பும் நரம்பு பாதியிலேயே நின்றுவிடும். அம்மா வெள்ளைத்தாய்க்கு அவள் இப்படி விளக்குவாள்: "கூட்டத்துல நம்மாளு கையப் புடிச்சாத்தான எறங்குற எடம் தெரியும்? இதுகளுக்கு அந்தக் கையி இல்லம்மா. வீரசோழன் ஊருக்குப் போக வேண்டிய நரம்பு, வழியில திருச்சுழியிலயே எறங்கிருது."

"நீ மட்டும் என்னத்தா? ஈயப் பாத்துக்கிட்டே ஸ்டாப்ப விட்டுட்டு அருப்புக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்புனவதான!"

போன ஞாயிற்றுக்கிழமை யுவராணி குளித்துவிட்டு வந்தபோது, குப்பிகளின் பஞ்சு மூடியிலெல்லாம் வெள்ளைக் கோடு. எறும்பு சாக்பீஸ்.

"எறும்பு ஏறுச்சு. ஒன் ஈயக் கடிச்சுப்புடக் கூடாதேன்னு நாந்தேன் போட்டேன்" என்றாள் வெள்ளைத்தாய், பெருமையாக.

"எம்மா! அது ஈயையும் கொல்லுமே!"

மூன்று குப்பியிலும் ஈக்கள் மல்லாந்து கிடந்தன. வெள்ளைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். யுவராணி குப்பிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவரில் அரிசிக்குருணை அளவில் பழுப்பாக ஏழெட்டுக் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருந்தன. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக அதற்குள் மாற்றினாள். அன்று முழுக்க வெள்ளைத்தாய் அந்தப் பாட்டில் பக்கமே போகவில்லை.

திங்கள்கிழமை விடியலில் ஒரு ஈ கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சிறகு இன்னும் விரியவில்லை.

"ஏத்தா, ஒண்ணு பொறந்துருச்சு!" என்று வெள்ளைத்தாய் பாட்டிலைத் தொடப் போனாள். சாக்பீஸ் பிடித்த அந்தக் கையை யுவராணி சட்டென்று பிடித்தாள். குழாயடிக்கு இழுத்துப் போய், விரல் விரலாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

பிறகு பாட்டிலை அந்தக் கையிலேயே கொடுத்தாள்.